எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் வீடியோ காப்பி ஆகாதபோது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். ஒரு முகூர்த்தத்துக்கு இரண்டு கேமரா வைத்தாலே ஒரே நாளில் 300 ஜிபிக்கு மேல் சேர்ந்துவிடும். அதை மெமரி கார்டிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து எக்ஸ்டர்னல் டிஸ்குக்கும், அங்கிருந்து வாடிக்கையாளர் கொண்டுவரும் டிஸ்குக்கும் மாற்றுவதிலேயே பாதி நாள் போகும். அந்த வேலையின் நடுவே நானே சந்தித்த பிழைகளையும், சக கேமராக்காரர்களும் வாடிக்கையாளர்களும் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். பிழைச் செய்தி எதுவாக இருந்தாலும், கோளாறு மூன்றில் ஓரிடத்தில்தான் இருக்கும்: வீடியோ இருக்கும் மூலத்தில், அது பயணிக்கும் கேபிளிலும் போர்ட்டிலும், அல்லது போய்ச் சேர வேண்டிய டிஸ்கில். எந்த இடம் என்று தெரிவதற்குள் எதையும் ஃபார்மேட் செய்யாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள்.

1. வீடியோ 11 ஜிபிதான், டிஸ்கில் 600 ஜிபி காலியாக இருக்கிறது. ஆனாலும் கோப்பு மிகப் பெரியது என்று சொல்லிக் காப்பி நின்றுவிடுகிறது. ஏன்?

உங்கள் டிஸ்க் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கிறது. 1996இல் விண்டோஸ் 95இன் திருத்தப் பதிப்போடு வந்த இந்த முறை, ஒவ்வொரு கோப்பின் அளவையும் 32 பிட் எண்ணாகக் குறித்து வைக்கிறது. 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 4,294,967,295. ஆகவே 4 ஜிபியை எட்டிய கோப்பை அது ஏற்காது. டிஸ்கில் எத்தனை டிபி காலியாக இருந்தாலும் அதற்குக் கணக்கில்லை. புகைப்படங்களும் பாட்டுகளும் பல வருடம் சிக்கலில்லாமல் ஏறிய டிஸ்கில் வீடியோ மட்டும் ஏறாமல் போவதன் காரணம் இதுதான். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ, ஏறத்தாழ ஐந்தே முக்கால் நிமிடத்தில் இந்த எல்லையைத் தாண்டிவிடும்.

டிஸ்கின் மீது வலது கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ பார்த்தால், ‘ஃபைல் சிஸ்டம்’ என்ற வரியில் எந்த முறை என்பது தெரியும். கடையில் வாங்கும் புது டிஸ்குகள் இப்போதெல்லாம் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையில்தான் வருகின்றன. வீட்டு டிவியிலோ கார் ஸ்டீரியோவிலோ ஓட வேண்டும் என்பதற்காக யாரோ ஒருமுறை ஃபேட்32க்கு மாற்றியிருப்பார்கள். அதை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

2. அந்த டிஸ்கில் பழைய படங்கள் நிறைய உள்ளன. அவற்றை அழிக்காமல் மாற்ற வழியுண்டா?

விண்டோஸில் உண்டு. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘கன்வெர்ட்’ என்ற கட்டளையைக் கொடுத்தால், ஃபேட்32 டிஸ்க் உள்ளே இருப்பவை அப்படியே இருக்க என்டிஎஃப்எஸ் ஆக மாறும். இது ஒருவழிப் பாதை. மறுபடி ஃபேட்32க்குத் திரும்ப ஃபார்மேட் ஒன்றுதான் வழி. எக்ஸ்ஃபேட்டுக்கு இப்படி மாற்றும் கட்டளை கிடையாது. நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதை யோசித்து, முக்கியமானவற்றை வேறெங்காவது ஒரு பிரதி எடுத்துவிட்டே தொடங்குங்கள். லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரைச் செருகி வையுங்கள், மேசைக் கணினியாக இருந்தால் யூபிஎஸ் இருக்கட்டும்.

எப்படியும் பிரதி எடுக்கத்தானே போகிறோம் என்றால், டிஸ்கைப் புதிதாகவே ஃபார்மேட் செய்துவிடுவது இன்னும் சுத்தமான வேலை என்பது என் கருத்து.

3. அப்படியானால் எந்த ஃபார்மேட்டைத் தேர்ந்தெடுப்பது?

டிஸ்க் விண்டோஸ் கணினிகளை விட்டு வெளியே போகாது என்றால் என்டிஎஃப்எஸ். 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்தது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு பதிவேட்டில் குறித்துக்கொண்டு பிறகு செய்யும் ஏற்பாடு அதில் இருப்பதால், திடீரென்று கேபிள் கழன்றாலும் டிஸ்கின் கட்டமைப்பு பெரும்பாலும் தப்பிவிடும்.

மேக், விண்டோஸ் இரண்டிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட்தான் நடைமுறைக்கு ஏற்றது. 2006இல் வெளிவந்த இந்த முறையில் 4 ஜிபி எல்லை கிடையாது. 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள எஸ்டி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில்தான் வருகின்றன என்பதால் கேமராக்காரர்களுக்கு இது பழகிய ஒன்று. லினக்ஸும் 2019 முதல் இதைத் தன் மையப் பகுதியான கெர்னலிலேயே சேர்த்துக்கொண்டது. ஆனால் என்டிஎஃப்எஸ்ஸில் உள்ள அந்தப் பதிவேடு இதில் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் அந்த ஒரு கோப்போடு போகாமல், டிஸ்கின் அட்டவணையே குழம்பிவிட வாய்ப்புண்டு. எக்ஸ்ஃபேட் டிஸ்கை ‘எஜெக்ட்’ (கணினியில் டிஸ்கைப் பாதுகாப்பாகக் கழற்றும் கட்டளை) செய்யாமல் எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் என்றாவது ஒருநாள் எனக்குத் தொலைபேசியில் பேசுகிறார்கள்.

பழைய டிவிக்காக மட்டும் என்றால் ஒரு சிறிய பென் டிரைவை ஃபேட்32இல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக 2 டிபி டிஸ்கைப் பலி கொடுக்க வேண்டாம்.

4. மேக்கில் டிஸ்க் திறக்கிறது, உள்ளே இருப்பதெல்லாம் ஓடுகிறது. ஆனால் புதிதாக ஒரு கோப்பைக்கூடப் போட முடியவில்லையே?

டிஸ்க் பழுதாகவில்லை. மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது. எழுதுவதற்குத் தனி மென்பொருள்கள் விற்கப்படுகின்றன. இரண்டு வகைக் கணினிக்கும் அடிக்கடி போய்வரும் டிஸ்க் என்றால், உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுவது நல்லது.

இதற்கு நேர் எதிரான சிக்கல்தான் ஆபத்தானது. மேக்கில் எடிட் செய்யும் ஸ்டூடியோ, மேக்குக்கே உரிய முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்கில் வீடியோவைப் போட்டுக் கொடுத்துவிடும். வீட்டு விண்டோஸ் கணினியில் செருகியதும், ‘பயன்படுத்தும் முன் இந்த டிஸ்கை ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?’ என்று ஒரு பெட்டி வரும். விண்டோஸுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள். வீடியோ பத்திரமாக உள்ளேதான் இருக்கிறது. ‘கேன்சல்’ அழுத்திவிட்டு ஸ்டூடியோவுக்கே திரும்பக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

5. பாதி காப்பி ஆனதும் டிஸ்க் மறைந்துவிடுகிறது. சில வினாடிகளில் தானாகவே திரும்ப வருகிறது. டிஸ்க் போய்விட்டதா?

அவசரப்பட்டு அப்படி முடிவு செய்யாதீர்கள். என்னிடம் வரும் இந்த வகைப் புகார்களில் பாதிக்கு மேல் கேபிளோடு தீர்ந்துவிடுகின்றன.

சட்டைப்பையில் அடங்கும் இரண்டரை அங்குல டிஸ்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. சுழல்வதற்கும் எழுதுவதற்கும் வேண்டிய மின்சாரம் முழுவதையும் அது யூஎஸ்பி போர்ட்டிலிருந்தே எடுக்கிறது. யூஎஸ்பி 2.0 போர்ட்டின் வரையறை 500 மில்லிஆம்பியர், 3.0 போர்ட்டின் வரையறை 900 மில்லிஆம்பியர். கேபினெட்டின் முன்பக்க போர்ட், அடாப்டர் இல்லாத ஹப், நீளமான மெல்லிய கேபிள் ஆகியவற்றின் வழியே வரும்போது இந்த அளவும் முழுமையாகக் கிடைப்பதில்லை. சின்னக் கோப்புகளுக்குத் தாக்குப்பிடிக்கும் டிஸ்க், அரைமணி நேரம் இடைவிடாமல் எழுத வேண்டி வரும்போது தடுமாறி இணைப்பை இழக்கிறது.

காதை டிஸ்கின் அருகே கொண்டுபோய்க் கேளுங்கள். சுழலத் தொடங்கும் ‘கிர்ர்’ ஒலி வந்து, ஒரு ‘டிக்’கோடு அடங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் மின்சாரப் போதாமை இருக்கலாம். ஹப்பை எடுத்துவிட்டு, மேசைக் கணினியின் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகுங்கள். கேபிளை மாற்றுங்கள். டிஸ்கின் பக்கம் உள்ள முனை அகலமாக, இரண்டு அறைகளாகப் பிரிந்திருக்கிறதல்லவா? அது பையில் போட்டுப் போட்டு எடுக்கும்போது விரைவில் தளர்ந்துவிடும். செருகிய பிறகு விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். டிஸ்கின் விளக்கு அணைந்து எரிந்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.

கேபிள் மாற்றியும் நிற்காவிட்டால் விண்டோஸின் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை அணைத்துப் பாருங்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்க கணினியே போர்ட்டைத் தூங்க வைக்கும் ஏற்பாடு அது. பெரிய காப்பி நடக்கும்போது லேப்டாப் மூடியை மூடிவிட்டுச் சாப்பிடப் போவதும் இதே பலனைத்தான் தரும்.

6. முதல் சில நிமிடங்கள் நல்ல வேகம், பிறகு ஆமை வேகம். சில சமயம் பூஜ்யத்துக்கே வந்துவிடுகிறதே?

இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே வினாடிக்கு 30, 40 எம்பிக்கு மேல் ஏறவில்லை என்றால் இணைப்பு யூஎஸ்பி 2.0 அளவில் நடக்கிறது. மேலே சொன்ன அகலமான முனையின் பெரிய அறையில் பழைய கைபேசியின் சார்ஜர் கேபிளும் பொருந்தும். டிஸ்க் வேலையும் செய்யும். வீட்டில் அசல் கேபிள் தொலைந்ததும் பலரும் அதைத்தான் செருகுகிறார்கள். 128 ஜிபி கார்டு முழுவதையும் காப்பி செய்ய இந்த வழியில் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். சரியான 3.0 கேபிளில், வினாடிக்கு 120 எம்பி கிடைத்தால், பதினெட்டு நிமிடம் போதும்.

தொடக்கத்தில் 120 எம்பி காட்டி, பத்திருபது நிமிடம் கழித்து 15, 20 என்று இறங்கினால் அது டிஸ்கின் பிறவிக் குணமாக இருக்கலாம். இன்று விற்கும் கையடக்க டிஸ்குகள் பலவற்றில் தரவுத் தடங்கள், ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதுபோல அமைக்கப்பட்டுள்ளன. சிறிய பரப்பில் நிறைய அடங்க இது உதவுகிறது. ஆனால் கீழே உள்ள ஒரு ஓட்டை மாற்ற மேலே உள்ளவற்றையும் கழற்றி அடுக்க வேண்டுமல்லவா? அதேபோல ஒரு தடத்தைத் திருத்தி எழுத அடுத்தடுத்த தடங்களையும் டிஸ்க் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. இதைச் சமாளிக்க, வரும் தரவை முதலில் ஒரு தனிப் பகுதியில் வேகமாக வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு ஆற அமர இடம் மாற்றும். அந்தத் தனிப் பகுதி நிரம்பியதும் வேகம் சரிகிறது. சில நொடிகள் பூஜ்யமும் காட்டும்.

இது பிழையல்ல. இந்த நேரத்தில் கேபிளைப் பிடுங்குவதுதான் பிழை. ஒரே சமயத்தில் நான்கு ஃபோல்டர்களை இழுத்துப் போடாமல் ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கினால் சற்று நிம்மதியாக ஓடும்.

7. ‘சைக்ளிக் ரிடண்டன்சி செக்’ என்ற பிழையும், மேக்கில் மைனஸ் 36 என்ற எண்ணும் எதைக் குறிக்கின்றன?

எழுதும்போது ஒவ்வொரு துண்டுத் தரவோடும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் சேர்த்துப் பதியப்படுகிறது. படிக்கும்போது தரவும் அந்த எண்ணும் ஒத்துவராவிட்டால் விண்டோஸ் முதலாவது செய்தியைக் காட்டும். ஆகவே இது பெரும்பாலும் மூலத்தின் குறை. புது டிஸ்கில் போடும்போது பிழை வந்தது என்பதற்காகப் புது டிஸ்கைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள், பழைய டிஸ்கோ கார்டோ செத்துக்கொண்டிருப்பதைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள். மேக்கின் மைனஸ் 36, படிப்பதிலோ எழுதுவதிலோ ஏற்பட்ட தடங்கல் என்று பொதுவாகச் சொல்கிறது. அங்கே இரு முனைகளையும் சோதிக்க வேண்டும்.

சோதிப்பது எளிது. அதே வீடியோவை கணினியின் உள் டிஸ்குக்குக் காப்பி செய்து பாருங்கள். அங்கேயும் அதே இடத்தில் நின்றால் மூலம் கெட்டிருக்கிறது. உள்ளே சரியாக வந்து வெளியே போகும்போது மட்டும் நின்றால் கேபிளும் சேருமிட டிஸ்கும் விசாரணைக்கு உரியவை.

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பேட்டை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் காட்டும். அதில் நான் பார்ப்பது நான்கு வரிகளைத்தான். 5ஆம் எண், கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் முடிவு நிலுவையில் உள்ளவை. 198, மீட்கவே முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஏதாவதொன்று வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால் டிஸ்கை நம்பாதீர்கள். 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்கின் தட்டுகளை விட இணைப்பைச் சந்தேகிக்கலாம். இந்த மென்பொருள் சில எண்களை ஆங்கில எழுத்துகளும் கலந்த பதினாறடிமான முறையில் காட்டும் என்பதால், வரியின் பெயரையும் சேர்த்துப் படியுங்கள்.

8. பிழை வந்ததும் ‘ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்’ கொடுக்கலாமா?

டிஸ்க் நல்ல நிலையில் இருந்து, எஜெக்ட் செய்யாமல் எடுத்ததால் மட்டும் குழம்பியிருந்தால் கொடுக்கலாம். மேலே சொன்ன எண்கள் ஏறியிருந்தாலோ, டிஸ்கிலிருந்து ஒரே சீராகக் ‘கிளிக், கிளிக்’ என்று தட்டும் ஒலி வந்தாலோ கொடுக்கவே கூடாது. பழுதுபார்க்கும் மென்பொருள் டிஸ்க் முழுவதையும் அலைந்து படிக்கும். தடுமாறும் டிஸ்குக்கு அந்த உழைப்பே கடைசி உழைப்பாகிவிடலாம். அது சரிசெய்வது டிஸ்கின் கட்டமைப்பைத்தான், உங்கள் வீடியோவை அல்ல. ஒத்துவராத துண்டுகளை அது கழித்துக்கட்டவும் செய்யும். முதலில் எடுக்க முடிந்த வீடியோக்களை எடுத்துவிடுங்கள். டிடிரெஸ்க்யூ என்ற கட்டற்ற மென்பொருள், நல்ல பகுதிகளை முதலில் முழுவதும் பிரதியெடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். தட்டும் ஒலி வந்துவிட்டதென்றால் அதுவும் வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தரவு மீட்பு நிலையத்துக்குப் போங்கள்.

9. காப்பி நூறு சதவீதம் முடிந்தது, அளவும் சரியாக இருக்கிறது. ஆனால் வீடியோ ஓடவில்லை. எப்படி?

இந்தக் கேள்விக்கு நான் என் செலவில் பதில் கற்றேன். ஒரு திருமண மண்டபத்தில், முகூர்த்தம் முடிந்து வேன் கிளம்பும் அவசரத்தில், கார்டிலிருந்து எக்ஸ்ஃபேட் டிஸ்குக்குக் காப்பி செய்துகொண்டிருந்தேன். பச்சைக் கோடு கடைசி வரை ஓடி மறைந்தது. கேபிளைப் பிடுங்கிப் பையில் போட்டேன். வரவேற்புக்கு முன் டிஸ்கைத் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் கார்டோடு ஒப்பிட்டேன். எல்லாம் ஒத்திருந்தன. கார்டை ஃபார்மேட் செய்து அதிலேயே வரவேற்பைப் பதிவு செய்தேன். இரண்டு நாள் கழித்து எடிட் செய்ய உட்கார்ந்தால், தாலி கட்டும் காட்சி இருந்த 9 ஜிபி கோப்பு திறக்கவில்லை. இரண்டாவது கேமரா மறுபக்கத்திலிருந்து எடுத்திருந்ததால் மானம் பிழைத்தது. பெண்ணின் முகம் பாதிதான் தெரியும் கோணம் அது.

நடந்தது என்னவென்றால், கணினி தரவை முதலில் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு ‘முடிந்தது’ என்று சொல்லிவிடும். டிஸ்கில் எழுதும் வேலை பின்னால் நடந்துகொண்டிருக்கும். கோப்பின் பெயரும் அளவும் அட்டவணையில் முன்னதாகவே பதிந்திருக்கலாம். உள்ளே இருக்க வேண்டிய தரவு வந்து சேர்ந்திருக்காது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு முதல், வெளி டிஸ்குகளுக்கு ‘குவிக் ரிமூவல்’ என்ற பாதுகாப்பான ஏற்பாடு இயல்பாக இருக்கிறது. அதற்கு முந்தைய கணினிகளிலும், வேகத்துக்காக யாராவது அந்த ஏற்பாட்டை மாற்றியிருந்தாலும், லினக்ஸிலும் மேக்கிலும், ஆபத்து அப்படியே உள்ளது. ஆகவே எல்லாக் கணினியிலும் எஜெக்ட் செய்து, எடுக்கலாம் என்ற செய்தி வரும்வரை காத்திருங்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. எம்பி4 கோப்பில், எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையைக் கேமராக்கள் பொதுவாகப் பதிவு முடிந்த பிறகு கோப்பின் கடைசியில்தான் எழுதுகின்றன. அதனால் 9 ஜிபியில் கடைசிச் சில எம்பி மட்டும் வராமல் போனாலும் முழு வீடியோவும் ஓட மறுக்கும். எம்கேவி கோப்பு இந்த விஷயத்தில் தாராளம், வந்தவரை ஓடும். அட்டவணை இழந்த எம்பி4ஐ, அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த ஒரு நல்ல கோப்பை மாதிரியாகக் கொடுத்து மீட்டெடுக்கும் அன்ட்ரங்க் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. காட்சித் தரவு உண்மையிலேயே டிஸ்கில் இருந்தால்தான் அதுவும் கைகொடுக்கும்.

10. அளவை நம்பக் கூடாதென்றால் வேறெப்படிச் சரிபார்ப்பது?

இரு பக்கக் கோப்புகளையும் முழுவதுமாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘ஹாஷ்’ எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் அடியோடு மாறிவிடும். டெராகாப்பி போன்ற மென்பொருளில், காப்பி முடிந்ததும் சரிபார்க்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. 7-ஜிப் நிறுவியிருந்தால் வலது கிளிக் பட்டியலிலேயே ஹாஷ் கணக்கிடலாம்.

ஒரு எச்சரிக்கை: காப்பி முடிந்த கையோடு சரிபார்த்தால், கணினி டிஸ்கைப் படிக்காமல் தன் நினைவகத்தில் மிச்சமிருக்கும் பிரதியையே படித்துவிட்டு ‘சரி’ என்று சொல்லக்கூடும். எஜெக்ட் செய்து, டிஸ்கைக் கழற்றி, மறுபடி செருகிய பிறகு சரிபாருங்கள். காப்பிக்கு ஆன அளவு நேரம் இதற்கும் ஆகும். இரவில் ஓடவிட்டுவிட்டுத் தூங்கலாம்.

நேரமே இல்லையென்றால், குறைந்தபட்சம் ஒவ்வொரு வீடியோவையும் டிஸ்கிலிருந்து திறந்து தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் சில வினாடி ஓட்டிப் பாருங்கள். முழுமையான சோதனை இல்லைதான். ஆனாலும் என் முகூர்த்தக் கோப்பை இது காட்டிக்கொடுத்திருக்கும்.

11. கார்டிலிருந்து வீடியோக்களை மட்டும் பொறுக்கிக் காப்பி செய்தால் போதாதா?

போதாது. கேமரா உருவாக்கும் ஃபோல்டர்களில் வீடியோவோடு சேர்ந்து சின்னச் சின்னத் துணைக் கோப்புகள் இருக்கும். 4 ஜிபி எல்லையால் பல துண்டாகப் பதிவான காட்சியை ஒன்றாகச் சேர்க்கவும், நேரக் குறிப்பைப் படிக்கவும் எடிட்டிங் மென்பொருளுக்கு அவை தேவைப்படலாம். கார்டின் முழு ஃபோல்டர் அமைப்பையும் அப்படியே, கார்டுக்கு ஒரு ஃபோல்டர் என்று எண்ணிட்டு வையுங்கள். கேமரா கொடுத்த பெயர்களை மாற்ற வேண்டாம். ‘கட்’ செய்து ‘பேஸ்ட்’ செய்வதை இந்த வேலையில் மறந்துவிடுங்கள், எப்போதும் காப்பிதான்.

12. கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தால் பிழை வருமா?

விண்டோஸ், மேக் இரண்டிலும் தாராளமாக வைக்கலாம். என்டிஎஃப்எஸ்ஸும் எக்ஸ்ஃபேட்டும் 255 குறியீடுகள் வரை ஏற்கின்றன. நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டிகளில்தான் சிக்கல். அவற்றில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன; அங்கே எல்லை 255 பைட். தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் எடுக்கும் என்பதால் 85 குறியீடுகளோடு முடிந்துவிடும். நம் கண்ணுக்கு ‘கோவில்’ மூன்று எழுத்து. கணினிக்கோ க, ஓகாரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி என்று ஆறு குறியீடு, பதினெட்டு பைட். மணமக்கள் பெயர், ஊர், மண்டபம், தேதி எல்லாவற்றையும் ஒரே பெயரில் கோத்தால் விண்டோஸில் சம்மதமான பெயர் அங்கே மறுக்கப்படும்.

ஓகாரக் குறியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் எனப் பிரித்து இரண்டாகவும் எழுதலாம். மேக்கின் பழைய டிஸ்க் முறை பிரித்தே பதியும். அங்கிருந்து வந்த ‘கோவில்’ ஃபோல்டரும் விண்டோஸில் தட்டச்சு செய்த ‘கோவில்’ ஃபோல்டரும் ஒரே டிஸ்கில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துக் குழம்பியிருக்கிறேன்.

தமிழோ ஆங்கிலமோ, விண்டோஸ் ஏற்காத குறிகள் உள்ளன: கேள்விக்குறி, நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோள், முக்காற்புள்ளி, சாய்கோடுகள், நிமிர்ந்த கோடு, இரு கூர்க்கோணக் குறிகள். ‘முகூர்த்தம் 9:30’ என்று கைபேசியிலோ லினக்ஸிலோ பெயரிட்ட கோப்பு இதனால்தான் மறுக்கப்படுகிறது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாகப் போய், முழு முகவரியும் 260 எழுத்தைத் தாண்டினாலும் விண்டோஸின் பல மென்பொருள்கள் திணறும். ஃபோல்டரை டிஸ்கின் வாசலுக்கே கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

13. ஐபோனிலிருந்து காப்பி செய்யும்போது ‘இணைக்கப்பட்ட சாதனம் இயங்கவில்லை’ என்ற பொருளில் பிழை வருகிறதே?

போனில் ‘செட்டிங்ஸ்’ சென்று (ஐஓஎஸ் 18 முதல் அதனுள் ‘ஆப்ஸ்’ சென்று), ‘ஃபோட்டோஸ்’ பகுதியின் அடியில் ‘டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி’ என்பதைத் தேடுங்கள். ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருந்தால், போன் ஒவ்வொரு வீடியோவையும் போகிற போக்கில் வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க முயலும். பெரிய கோப்புகளில் அது தடுமாறும்போதுதான் இந்தச் செய்தி வருகிறது. ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்று மாற்றிவிட்டு, கேபிளைக் கழற்றி மறுபடி செருகுங்கள். போனிலிருந்து நேராக எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு இழுக்காமல், முதலில் கணினிக்கு எடுத்து, பிறகு டிஸ்குக்கு மாற்றுவதும் உதவும்.

14. ‘அனுமதி இல்லை’ என்று வருவது எதனால்?

என்டிஎஃப்எஸ் டிஸ்கை வேறொரு கணினியில் பயன்படுத்தியிருந்தால், ஃபோல்டரின் உரிமை அந்தக் கணினியின் பயனர் பெயரிலேயே இருக்கும். ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘செக்யூரிட்டி’ வழியே உரிமையை மாற்றிக்கொள்ளலாம். அது சரியாக இருந்தும் எழுத முடியாவிட்டால், விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ இயங்குகிறதா என்று பாருங்கள். பிணைத்தொகை கேட்கும் வைரஸ்களைத் தடுக்க வந்த இந்த ஏற்பாடு, அறிமுகமில்லாத காப்பி மென்பொருளையும் சேர்த்துத் தடுத்துவிடும்.

15. 2 டிபி டிஸ்க் வாங்கினேன், 1.81தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. ஏமாற்று வேறிடத்தில் இருக்கிறது. இணையத்தில் நம்ப முடியாத மலிவு விலைக்கு விற்கும் 16 டிபி டிஸ்குகளின் உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டும், பொய் அளவு சொல்லும் ஒரு சில்லும் இருக்கும். முதலில் போடும் வீடியோக்கள் ஓடும். உண்மையான கொள்ளளவு தீர்ந்ததும், பிழை எதுவும் காட்டாமலே புதிய தரவு பழையதன் மீது எழுதப்படும், அல்லது காற்றில் போகும். புது டிஸ்கை ஹெச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற சோதனை மென்பொருளால் முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்துவிட்டே வேலைக்குப் பயன்படுத்துங்கள்.

16. எல்லாம் சரி, கார்டை எப்போது அழிக்கலாம்?

இரண்டு தனித்தனி டிஸ்குகளில் பிரதி இருந்து, இரண்டையும் கழற்றிச் செருகிச் சரிபார்த்த பிறகு. அதுவரை அந்தக் கார்டை என் பையில் இடப்பக்க உறையில் போட்டு, மேலே ஒரு துண்டு மஞ்சள் டேப் ஒட்டி வைத்திருப்பேன். மஞ்சள் டேப் ஒட்டிய கார்டை உதவியாளர்கள் யாரும் கேமராவில் போட மாட்டார்கள். அடுத்த நிகழ்ச்சிக்குக் கார்டு போதாமல் போகிறதென்றால், பக்கத்துக் கடையில் ஒன்று கூடுதலாக வாங்கிக்கொள்கிறேன்.